மறைத்துப் பகிர்தல்

அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூச்சு மேடம். சுவரில் எவ்வளவு பெரிய விரிசல் இருந்தாலும் ஒரு கரண்டி சாந்தை அள்ளிப் போட்டு, இழுத்துத் தேய்த்து, விரிசலா, எங்கே என்று கேட்க வைத்துவிடுவாள் என்று அர்த்தம். பெயர் அவள் காதுக்கு எட்டியபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அடித்துக்கொள்கிற இரண்டு தரப்பையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வைப்பது எல்லோருக்கும் வருகிற வித்தையா என்ன?

முன்பு அவள் இருந்தது குடிநீர்த் துறையில். ஒரு நீர்த்தேக்கத்துக்காக இரண்டு ஊர்கள் பல வருஷமாக முட்டிக்கொண்டிருந்தன. அவள் போய் உட்கார்ந்தாள். "தண்ணீர் பகிர்ந்துகொள்ளப்படும்" என்பதை அடித்துவிட்டு, "பகிர்ந்துகொள்ளும் நோக்கில் உரிய முறையில் பரிசீலிக்கப்படும்" என்று எழுதினாள். இரண்டு ஊர்த் தலைவர்களும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று மார்தட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீர் இன்றுவரை இரண்டு ஊருக்கும் போகவில்லை என்பது வேறு விஷயம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

இந்தத் திறமையைக் கேள்விப்பட்டுத்தான் பாதுகாப்பு அமைச்சகம் அவளைக் கொத்திக்கொண்டு போனது. அங்கே இருந்த தலைவலி வேறு மாதிரி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியாகச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் செய்யக் கிளம்பியிருந்தன. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, இது எதிரியின் வண்டி, இது வெறும் பாறை என்று பிரித்துச் சொல்கிற இயந்திரம். அதற்குக் கூடம் கூடமாகக் கணினிகள் வேண்டும், லட்சக்கணக்கில் படங்கள் வேண்டும், சோதித்துப் பார்க்க இடம் வேண்டும். ஒரே பொருளை மூன்று தடவை வாங்குவானேன், எல்லாவற்றையும் பொதுவாக வைத்துக்கொண்டால் என்ன என்று மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுவிட்டார். கேட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கேள்வி அவள் தலையில் வந்து விழுந்தது. முப்படைப் பொதுக் கணினித் திட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்று கதவில் பலகை மாட்டினார்கள்.

அந்தக் குழுவின் கூட்ட அறையைப் பார்த்தாலே பொதுவின் லட்சணம் புரிந்துவிடும். நீளமாக ஒரு மேசை. அதன்மேல் மூன்று தேநீர் ஃபிளாஸ்க். ஒவ்வொரு படையும் தன் கேன்டீனிலிருந்து தன் தேநீரைக் கொண்டுவரும். அடுத்தவர் ஃபிளாஸ்க்கின் பக்கம் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். அவள் எதிலிருந்தும் குடிக்க முடியாது. ஒன்றில் குடித்தால் மற்ற இருவருக்கும் முகம் தொங்கிப்போகும். ஆக, அந்த அறையில் அவள் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் நாட்டைக் காத்தாள்.

கூடத்தை எங்கே கட்டுவது என்பதிலேயே கோடைக்காலம் முழுக்கப் போனது. தரைப்படைக்காரர் மலையடிவாரம் என்றார். கடற்படைக்காரர் கடலோரம் என்றார். விமானப்படைக்காரர் ஓடுபாதைக்குப் பக்கத்தில் என்றார். கடைசியில் மூவருக்கும் சமமாக வசதியில்லாத ஒரு பொட்டல்வெளி முடிவானது. கட்டடத்துக்கு ஒரே கூரை. உள்ளே மூன்று வாசல், மூன்று பூட்டு, மூன்று ஜெனரேட்டர், மூன்று கழிப்பறை.

"கூரை பொதுதானே மேடம்," என்றார் விமானப்படைக்காரர், ஏதோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பவர் மாதிரி.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை வாரிவிட்டதிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டதுவரை எல்லாம் அக்காதான். அவன் இப்போது தரைப்படையில் லாரி ஓட்டுகிறான். எல்லைச் சாலையில் காவல் சாவடிகளுக்கு மாவு, எண்ணெய், டீசல் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. போன வருஷம் அதே சாலையில், ஒரு வளைவில், இவனுக்கு முன்னால் போன வண்டியைப் பதுங்கியிருந்து அடித்தார்கள். அதை ஓட்டிய நண்பனுக்கு இப்போது ஒரு கால் இல்லை. தம்பி அதை ஃபோனில் சொன்னபோது டயர் பஞ்சரான மாதிரிச் சொன்னான். அன்று முழுக்க அவள் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

இயந்திரம் தயாரானதும் முதலில் போகிற இடம் அந்தச் சாலைதான் என்று திட்டத்திலேயே இருந்தது. மேலே ஆளில்லா விமானம் பறக்கும். அது அனுப்புகிற படத்தில் எதிரி எங்கே என்று இயந்திரம் காட்டும். குண்டு போடுகிற பொத்தானுக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். யோசிக்க அவருக்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம் கொடுத்திருந்தார்கள். தம்பியின் லாரி வளைவுக்கு வருவதற்குள் வளைவில் யார் இருந்தாலும் தெரிந்துவிடும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தேசப் பாதுகாப்பு, தொழில்நுட்பத் தற்சார்பு என்றெல்லாம் முன்னுரையில் எழுதியது அவளேதான். ஆனால் அவள் காப்பாற்ற நினைத்த தேசத்தின் மக்கள்தொகை ஒன்று.

எல்லாம் சரியாகிப் படங்களில் வந்து வண்டி நின்றுவிட்டது. கணினியைப் பொதுவில் வைக்கலாம், படத்தை எப்படிப் பொதுவில் வைப்பது?

"படத்தைக் கொடுத்துட்டா எங்க கேமரா எவ்வளவு தெளிவா பார்க்கும்னு தெரிஞ்சு போயிடுமே மேடம்," என்றார் தரைப்படைக்காரர்.

"யாருக்குத் தெரிஞ்சிடும் சார்? எதிரிக்கா?"

"எதிரிக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு அவர் கடற்படைக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

கடற்படைக்காரர் அசரவில்லை. "அவங்க மொதல்ல கொடுக்கட்டும், நாங்க அப்புறம் பார்க்கறோம்," என்றார். விமானப்படைக்காரர், தான் கொடுக்கத் தயார் என்றும், ஆனால் கொடுத்ததை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்றும் சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் சாந்துக் கரண்டியோடு வந்தாள். திட்டத்தின் பெயர் மறைத்துப் பகிர்தல். படத்தில் எதிரியின் வண்டியோ கப்பலோ இருந்தால் அதன்மேல் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டு மூடிவிட வேண்டியது. உள்ளே இருப்பது எதிரி வண்டி, எதிரிக் கப்பல் என்று கீழே ஒரு வார்த்தை மட்டும் எழுத வேண்டியது. மிச்சப் படத்தைப் பொதுக் கிடங்கில் போட வேண்டியது. கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு.

மூவரும் படித்தார்கள். திருப்பித் திருப்பிப் படித்தார்கள். எந்த மூலையிலும் தாங்கள் எதையும் இழக்கவில்லை என்று உறுதியானதும் பேனாவைத் திறந்தார்கள். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அந்தத் துறையின் தலைவர். அவருடைய முழு வேலையும் முன்னேற்றம் உண்டா என்று கேட்பது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்டு என்று பதில் கிடைத்தது. "உங்களுக்குத் துணை இயக்குநர் பதவி வாங்கித் தரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்," என்றார். அவள் அடக்கமாகச் சிரித்தாள்.

கிடங்கு மளமளவென்று நிரம்பியது. மணல்வெளி, நடுவில் கறுப்புக் கட்டம், எதிரி வண்டி. கடல், நடுவில் கறுப்புக் கட்டம், எதிரிக் கப்பல். வானம், நடுவில் கறுப்புக் கட்டம், எதிரி விமானம். விமானப்படைக்காரர் அதிலும் ஒரு படி மேலே போய் மேகங்களையும் பாதி மூடியிருந்தார். இயந்திரம் இரவு பகலாக உட்கார்ந்து இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தது.

ஒத்திகைக்கு எல்லோரும் பொட்டல்வெளிக் கூடத்துக்குப் போனார்கள். எல்லைச் சாலையில் நிஜக் குண்டோடு, அமைச்சர் வந்து பார்க்கப்போகும் சோதனைக்கு முன்னால் நம் ஆட்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், தலை பாதி நரைத்தவர், எதையும் ஒரு பெருமூச்சோடு தொடங்குகிறவர், கேமராவை அறைப்பக்கம் திருப்பினார். திரையில் மேசை தெரிந்தது. மேசைமேல் கடற்படைக்காரரின் கறுப்புக் கைப்பெட்டி இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. எதிரி வண்டி என்றது இயந்திரம், துளிச் சந்தேகம் இல்லாமல்.

"பரவாயில்லையே, சரியாத்தான் சொல்லுது," என்றார் தரைப்படைக்காரர்.

அடுத்து சுவரில் அணைத்து வைத்திருந்த தொலைக்காட்சியை எதிரிக் கப்பல் என்றது. இயக்குநர் கையிலிருந்த ஃபோனை எதிரி வண்டி என்றது. பயந்துபோய் அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டதும் எதிரி பின்வாங்குகிறான் என்றது. கடைசியாக, வெளியே மைதானத்தில் இதற்கென்றே கொண்டுவந்து நிறுத்தியிருந்த நிஜ டாங்கியைக் காட்டினார்கள். இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாறை என்றது.

"சின்னச் சின்னக் குறைங்க இருக்கத்தான் செய்யும்," என்றார் இயக்குநர். மூன்று படைக்காரர்களும் அது யார் கொடுத்த படத்தால் வந்த குறை என்று ஒருவரையொருவர் குடைய ஆரம்பித்தார்கள். அவள் பொறியாளரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"என்ன சார் இது?"

"அது நல்ல மாணவன் மேடம். கறுப்பா ஒரு கட்டம் இருந்தா அங்க எதிரி இருக்கான்னு நாமதானே லட்சம் தடவை சொல்லிக் கொடுத்தோம். நெஜ வண்டி எப்படி இருக்கும்னு அதுக்கு யாரும் காட்டவே இல்லையே."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"எழுதிக் கொடுத்தேனே. தங்கள் ஆலோசனை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்னு பதில் வந்துச்சு. கையெழுத்து உங்களோடதுதான்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அதைவிட மோசமாக இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. எல்லைச் சாலையில் மேலிருந்து பார்த்தால் கறுப்பாக, நீளமாக, கட்டமாக என்ன தெரியும்? மாவு மூட்டைமேல் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி இழுத்துக் கட்டிய லாரி தெரியும். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு லாரிமேல் ஏறி நின்று எடுத்த படத்தை அவள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள். தம்பியைக் காப்பாற்ற அவள் வரவழைத்த கண் முதலில் பார்க்கப்போவது தம்பியைத்தான். தாழ்வாரத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் கெஞ்சினாள். கட்டங்களை எடுத்துவிட்டு அசல் படங்களைக் கொடுங்கள், இயந்திரம் முதலிலிருந்து படிக்கட்டும், சோதனையைத் தள்ளிப் போடலாம் என்றாள். மூவரும் அவளை ஏதோ வீட்டுச் சாவியைக் கேட்டவளைப் போலப் பார்த்தார்கள். அமைச்சரிடம் தேதி வாங்கியாச்சு என்றார் இயக்குநர்.

"நம்ம லாரிங்க அந்த ரோட்டுல ஓடுது சார். எல்லாம் கறுப்புத் தார்ப்பாய்," என்றாள் அவள் தரைப்படைக்காரரிடம்.

அவர் தாடையைச் சொறிந்தார். "அவ்வளவுதானே மேடம்? தார்ப்பாயை நீலமா மாத்திட்டாப் போச்சு."

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. கடற்படைக்காரர் நீலம் தங்கள் நிறம் என்று லேசாக முனகினார், ஆனால் பிடிவாதம் பிடிக்கவில்லை. இயந்திரத்தைத் திருத்துவதை விடத் தார்ப்பாயைத் திருத்துவது சுலபம் என்பதில் படித்தவர்கள் ஐந்து பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. ஐந்தில் அவளும் ஒருத்தி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சாலையில் வேறு யாராவது இருப்பார்களா என்ற நினைப்பே அன்று அவளுக்கு எழவில்லை. சோதனைக்கான கடைசிக் கோப்பில் மூவரும் கையெழுத்திட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை நல்ல பேனாவில் போடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தாள்.

ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, எவன்க்கா அந்த அறிவாளி? நல்லா இருந்த தார்ப்பாயெல்லாம் கழட்டச் சொல்லிட்டு பளபளன்னு நீலத்துல அனுப்பியிருக்கான். ரோட்டுல போறப்ப ஏதோ சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்டா. போர்த்தினியா? எல்லா வண்டிக்கும் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. பழசை என்ன பண்றதுன்னு தெரியல. அந்த வளைவுக்குப் பக்கத்துல ஒரு ஊர் இருக்குல்ல, நான் சொல்வேனே, தண்ணி கேட்டா மோர் கொடுப்பாங்கன்னு. அவங்களுக்குக் கொடுத்துட்டோம். மழை ஆரம்பிச்சிடுச்சு, கூரையெல்லாம் ஒழுகுது பாவம். நாங்களே ஏறிக் கட்டிக் கொடுத்தோம். என்ன சந்தோஷம் தெரியுமா அவங்களுக்கு?"

அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"எத்தனை வீட்டுக்குடா?"

"எல்லா வீட்டுக்கும்தான்க்கா. ஏன், கணக்கு கேக்கறாங்களா?"

இல்லைடா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். உடனே இயக்குநரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த வீடுங்க எந்தப் படைக்குக் கீழ வருது மேடம்?" என்றார்.

"எந்தப் படைக்குக் கீழயும் வராது சார். அது வீடுங்க."

"அப்போ நம்ம குழு வரம்புக்குள்ள வராதே," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

திங்கட்கிழமை கூட்டத்தில் மூன்று ஃபிளாஸ்க்குகளுக்கும் நடுவில் கோப்பு விரிந்து கிடந்தது. அவள் உட்காரவில்லை. "கூட்டக் குறிப்புல ஏத்தறதுக்கு ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பேசியே இராத மாதிரி, சாந்து பூசாமல் பேசினாள்.

"இந்த இயந்திரத்துக்கு எதிரி யாருன்னு தெரியாது. கறுப்பா கட்டமா எது இருந்தாலும் அடிக்கச் சொல்லும். வளைவுல ஒரு ஊர் முழுக்க இப்போ கறுப்புக் கூரை. சோதனை நடந்தா அந்த ஊர் இருக்காது. இதுக்கு வழி பண்ணது நான். கையெழுத்துப் போட்டது நீங்க."

மூன்று படைக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் நடந்ததை அந்தத் துறையின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். யாரும் சமரசம் பேசாமல், யாரும் வார்த்தையை மாற்றாமல், முதலில் நீங்கள் என்று யாரும் சொல்லாமல், மூன்று படைகளும் ஒரே குரலில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: மேடம் இப்போது சொன்னது குறிப்பில் ஏறக் கூடாது.

"ஏத்த வேண்டாம் சார்," என்றாள் அவள். "என் கையெழுத்தும் ஏறாது."

கோப்பை மூடி இயக்குநர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

துணை இயக்குநர் பதவி காற்றில் போனது. இயக்குநர் தன் பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவளைத் திரும்பக் குடிநீர்த் துறைக்கே அனுப்பிவிட்டார்கள். அதே நீர்த்தேக்கம், அதே இரண்டு ஊர்கள். அவள் இடத்துக்குப் புது ஒருங்கிணைப்பாளரைப் போட்டால்தான் கோப்பு நகரும். புது ஆளை மூன்று படைகளும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு இன்றைக்கும் மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. பொட்டல்வெளியில் கணினிகள் மூன்று ஜெனரேட்டரில் குளுகுளுவென்று தூங்குகின்றன. வளைவுக்குப் பக்கத்து ஊருக்கு இதில் எதுவும் தெரியாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசினான். முந்தின நாள் அதே வளைவில் இன்னொரு லாரியை அடித்திருக்கிறார்கள். இவன் வண்டி இல்லை. இந்தத் தடவை அவன் பஞ்சரான மாதிரிச் சொல்லவில்லை.

"அக்கா, முன்னாடியே வளைவைப் பார்த்துச் சொல்ற மாதிரி ஏதோ மெஷின் வருதுன்னு சொன்னியே. எப்பக்கா வரும்?"

உரிய நேரத்தில், பரிசீலனையில், விரைவில் என்று அவளிடம் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன.

"வராதுடா," என்றாள். "நீயே பார்த்து ஓட்டு."